எம்16 குழலின் முறுக்கு: 14 அங்குலத்திலிருந்து 7 அங்குலம் வரை

1980களில் அமெரிக்க ராணுவத்தின் ரைபிள் பயிற்சிக் கையேட்டில் ஒரு விநோதமான எச்சரிக்கை இருந்தது. புதிதாக வந்த எம்855 தோட்டாவைப் பழைய எம்16ஏ1 ரைபிளில் போட்டுச் சுடலாம். ஆனால் அவசரத்துக்கு மட்டும், அதுவும் 90 மீட்டருக்குள் இருக்கும் இலக்கை மட்டும். தோட்டாவின் அளவு அதே 5.56×45 மி.மீ. அறைக்குள் ஒழுங்காக உட்காரும், அழுத்தத்தால் ரைபிளுக்கு எந்த ஆபத்தும் இல்லை, விசையை இழுத்தால் வெடிக்கும். குழலை விட்டு வெளியேறிய குண்டுதான் சொன்ன பேச்சைக் கேட்காது. தள்ளாடிக்கொண்டே போய், அட்டையில் வட்டமான ஓட்டைக்குப் பதில் தன் பக்கவாட்டு உருவத்தையே பதிக்கும்.

ஒரே ராணுவம், ஒரே அளவுத் தோட்டா, ஒரே குடும்பத்து ரைபிள். கோளாறு முழுக்கக் குழலுக்குள் வெட்டிய மரையின் சாய்வில் இருந்தது. அந்த மரையின் முறுக்கு 1950களின் கடைசியில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 1963ல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 1980களில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாறிக்கொண்டே வந்தது. முதல் எண் பழக்கத்தில் வந்தது. இரண்டாவதைக் குளிர்காற்று தீர்மானித்தது. மூன்றாவதை, பெரும்பாலான சிப்பாய்கள் அதிகம் சுடாத ஒரு குண்டு தீர்மானித்தது. எந்தக் குண்டுக்கு எந்த முறுக்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எடையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இந்த மூன்று முடிவுகளையும் வரிசையாகப் பார்த்தால், அந்தக் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருப்பது தெரியும்.

காற்று குண்டைக் கவிழ்க்கப் பார்க்கிறது

ரைபிள் குண்டு கூர்முனையும் தடித்த பின்பகுதியும் கொண்டது. அதன் எடை மையம் பின்பக்கம் தள்ளியிருக்கும். எதிர்க்காற்றின் அழுத்தம் விழும் மையம் முனைப்பக்கம் இருக்கும். அதனால் குண்டு இம்மியளவு சாய்ந்தாலும் காற்று அந்தச் சாய்வை மேலும் வளர்க்கும். சுழலாத குண்டு குழலை விட்டு வந்த கணமே புரளும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, போதிய வேகத்தில் சுழலும் குண்டு இந்தத் தள்ளுதலைத் தாங்கி நிற்கும். அந்தச் சுழற்சியைத் தருவதுதான் மரையின் வேலை. 1:12 என்றால் குண்டு 12 அங்குலம் முன்னேறுவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். எண் சிறியதானால் முறுக்கு இறுக்கம், சுழற்சி அதிகம்.

எண்களில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பழைய எம்193 தோட்டாவின் குண்டு நொடிக்கு 3,250 அடி வேகத்தில் வெளியேறும். 1:12 குழலில் அடிக்கு ஒரு சுற்று என்பதால் நொடிக்கு 3,250 சுற்று, நிமிடத்துக்கு 1,95,000. 1:7 குழலில் எம்855 குண்டு நிமிடத்துக்குச் சுமார் 3,19,000 சுற்று சுற்றும்.

இந்தப் பெரிய எண்களைப் பார்த்துவிட்டு, வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் நிலைப்பு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. வேகம் கூடினால் சுழற்சி கூடும், உண்மைதான். கவிழ்க்கும் காற்றின் விசையும் சேர்ந்தே கூடும். சுழற்சி தரும் பிடிப்பும் அந்த விசையும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் ஏறக்குறைய ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. மிஞ்சுவது சொற்ப லாபம். ஆகவே கணக்கில் வைக்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அல்ல, ஓர் அடி தூரத்துக்கு எத்தனை சுற்று என்பதை.

சுழற்சி தரும் பிடிப்பைக் காற்றின் கவிழ்ப்போடு ஒப்பிட்டு ஒரே எண்ணாகச் சொல்வார்கள். இங்கே அதை நிலைப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 1க்குக் கீழே போனால் குண்டு புரளும். 1ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் இன்று நிற்கும், நாளை வானிலை மாறினால் விழும். 1.4 அல்லது 1.5 இருந்தால் நிம்மதி. குழல் வாயில் நிலையாக இருக்கும் குண்டு போகப்போக இன்னும் நிலைப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றுத்தடையால் வேகம் சீக்கிரம் குறையும், சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறையாது. சோதனை முழுவதும் புறப்படும் இடத்தில்தான்.

கடன் வாங்கிய 14

1957ல் அமெரிக்கத் தரைப்படை ஒரு இலகுவான, சிறுகுண்டு ரைபிள் வேண்டுமென்று கேட்டபோது, ஆர்மலைட் நிறுவனம் யூஜின் ஸ்டோனரின் ஏஆர்-10ஐச் சுருக்கி ஏஆர்-15 செய்தது. பின்னாளில் எம்16 ஆனது இதுதான். 500 கெஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தின் ஒரு பக்கத்தைத் துளைக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. கையருகில் இருந்த தோட்டா .222 ரெமிங்டன். 1950ல் வந்தது, 50 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டு, சிறு விலங்கு வேட்டைக்காரர்களிடமும் துல்லியப் போட்டியாளர்களிடமும் நல்ல பெயர். அந்தத் தோட்டாவின் பித்தளை உறையைக் கொஞ்சம் நீட்டி, 55 கிரெயின் குண்டு வைத்தார்கள். பின்னாளில் .223 ரெமிங்டன் என்று பெயர் பெற்றது அதுதான். அதன் ராணுவ வடிவம்தான் எம்193.

.222க்குப் பழகிய முறுக்கு 1:14. அதே முறுக்கு ஏஆர்-15 குழலுக்கும் வந்தது. அந்தத் தோட்டாவின் தட்டையான அடி கொண்ட கட்டைக் குண்டுகளுக்கு 14 தாராளம். ஆனால் புதிய 55 கிரெயின் குண்டு பின்பகுதி ஒடுங்கிய, நீண்ட வடிவம். எடை கூடியது வெறும் 5 கிரெயின், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. எடைக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு மாற்றமாகவே தெரியாது. நீளமோ சுமார் 19 மி.மீ.க்குப் போய்விட்டது.

டான் மில்லர் 2005ல் வெளியிட்ட எளிய சூத்திரத்தில் இந்தக் குண்டைப் போட்டுப் பார்த்தேன். 15 டிகிரி செல்சியஸ், கடல் மட்டம், 1:14 முறுக்கு: நிலைப்பெண் 1ஐ ஒட்டி வருகிறது. 1958-59 குளிர்காலத்தில் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் நடந்த சோதனையில் இந்த ரைபிளின் துல்லியம் மோசம் என்று எழுதினார்கள். அங்கே சோதனையாளர்கள் ரைபிளின் குறிமுனைகளைத் தாங்களாகவே மாற்றிவைத்திருந்தார்கள் என்பது ஸ்டோனரின் புகார். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். குறிமுனை ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்தக் குளிரில் அந்தக் குழல் தடுமாறியிருக்கும் என்பதுதான் கணக்கு சொல்வது.

குளிர் கேட்ட 12

காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் கவிழ்க்கும் விசை கூடும். 1963ல் வந்த பிரச்சினை முழுக்க இதுதான். மைனஸ் 65 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 54 டிகிரி செல்சியஸில், குண்டு நிலைகொள்ளவில்லை என்று சோதனை காட்டியது. அந்தக் குளிரில் காற்று 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 31 சதவீதம் அடர்த்தி. ஏற்கெனவே 1இல் தொங்கிக்கொண்டிருந்த நிலைப்பெண் அங்கே 0.75 அருகே விழுந்துவிடும்.

1963 ஜூலையில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாராவின் ஒப்புதலோடு முறுக்கு 1:12 ஆனது. ஏன் 12? முறுக்கை இறுக்கும்போது நிலைப்பெண் அதன் இருமடி விகிதத்தில் ஏறும். 14ஐ 12 ஆக்கினால் 36 சதவீதம் லாபம். நம் கணக்கில் 15 டிகிரியில் சுமார் 1.3. அதையே மைனஸ் 54க்குக் கொண்டுபோனால் 1ஐ மயிரிழையில் தாண்டுகிறது. கேட்ட நிபந்தனையைச் சரியாக எட்டிப்பிடிக்கும் அளவு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. அன்று இந்த ரைபிளுக்கு 55 கிரெயினைத் தாண்டிய எதிர்காலம் ஒன்று இருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை என்பது இந்த எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனாலும் இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். வந்த நேரம் நல்ல நேரம். அந்த ஆண்டு நவம்பரில்தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்களுக்கான பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன்பே முறுக்கு மாறிவிட்டதால் தூக்கிப்போட வேண்டிய குழல்கள் சொற்பம். அடுத்த மாற்றத்துக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இதையொட்டி ஒரு வதந்தி இன்றுவரை சுற்றுகிறது. 1:14இல் குண்டு தள்ளாடிக்கொண்டே போனதால்தான் பயங்கரக் காயம் உண்டாக்கியது, 1:12 ஆக்கி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று. இயற்பியல் இதற்கு அதிகம் ஒத்துழைப்பதில்லை. நீர் நிறைந்த எந்தப் பொருளும் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதற்குள் நுழைந்ததும் 1:14, 1:12, 1:7 எல்லாம் ஒன்றுதான். குண்டைத் தாங்கிப்பிடிக்க எந்த முறுக்கும் போதாது. எம்193 உடையும் குணத்துக்குக் காரணம் அதன் வேகமும் மெல்லிய செம்பு உறையும். வியட்நாமில் எம்16 சிக்கிக்கொண்டு நின்ற பிரபலமான விவகாரம் வேறு கதை. அதற்கும் முறுக்குக்கும் சம்பந்தமில்லை.

ட்ரேசர் கேட்ட 7

1970களின் கடைசியில் நேட்டோ நாடுகள் இரண்டாவது பொதுத் தோட்டாவைத் தேடின. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் கொண்டுவந்த எஸ்எஸ்109 தேர்வானது. 1980 அக்டோபரில் அது தரமாக ஏற்கப்பட்டது. 62 கிரெயின், முனையில் எஃகு, பின்னால் ஈயம். அமெரிக்காவில் இதற்கு எம்855 என்று பெயர். எஃப்என் இதை வடிவமைத்தபோது மனதில் இருந்தது ரைபிள் அல்ல, தன் மினிமி இலகு இயந்திரத் துப்பாக்கி. 5.56 தோட்டா தூரத்தில் சோர்ந்துவிடுகிறது என்ற குறையைப் போக்குவதுதான் நோக்கம்.

எஃகு ஈயத்தைவிட இலகு. ஒரு பகுதி ஈயத்தை எடுத்துவிட்டு எஃகை வைத்தால் அதே எடைக்கு அதிக இடம் வேண்டும், குண்டு நீளும். எம்855 சுமார் 23 மி.மீ. பழைய 1:12 குழலில் இதன் நிலைப்பெண் சுமார் 0.85. 90 மீட்டர் எச்சரிக்கைக்கு இதுதான் காரணம். குண்டு குழல் வாயிலேயே நிலையில்லாமல் புறப்படுகிறது. முதல் சில பத்து மீட்டருக்குள் தள்ளாட்டம் முழுதாக வளரவில்லை என்பதால் கிட்ட இருக்கும் இலக்கில் எப்படியோ படும்.

அப்படியானால் எம்855க்கு எந்த முறுக்கு போதும்? 1:9 போதும். அதில் நிலைப்பெண் 1.5. பழைய 55 கிரெயின் குண்டும் 1:9இல் அழகாகச் சுடும். அன்றே இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் எஸ்எஸ்109 தனியாக வரவில்லை, கூடவே தன் ட்ரேசரையும் அழைத்து வந்தது. இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டியில் நான்கு சாதாரணக் குண்டுக்கு ஒரு ட்ரேசர். பின்னால் தீப்பொறி விட்டுப் போகும் இந்தக் குண்டைப் பார்த்துத்தான் சுடுபவர் குறியைத் திருத்துவார். தூரத்தில்தான் அவருக்கு அது அதிகம் தேவை. எனவே 800 மீட்டர்வரை எரிய வேண்டும். எரிய மருந்து வேண்டும், மருந்துக்கு இடம் வேண்டும், மருந்தோ ஈயத்தோடு ஒப்பிட்டால் எடையே இல்லாத சரக்கு. விளைவாக எம்856 ட்ரேசரின் எடை 64 கிரெயின்தான், சாதாரணக் குண்டைவிட 2 கிரெயின் மட்டுமே அதிகம். நீளமோ சுமார் 29 மி.மீ.

23லிருந்து 29. எடையில் மூன்று சதவீத வித்தியாசம், நீளத்தில் கால் பங்குக்கு மேல். இந்தக் குண்டை 1:9இல் போட்டால் நிலைப்பெண் சுமார் 0.8. 1:7இல்தான் 1.3க்கு வருகிறது. ஆகவே நேட்டோ தரம் 178 மி.மீ., அதாவது 7 அங்குலம். மரைன் படையின் முயற்சியில் உருவாகி 1983ல் அவர்கள் கைக்கும், சில ஆண்டுகளில் தரைப்படைக்கும் வந்த எம்16ஏ2 இதே 1:7 குழலோடு வந்தது. ஒரு இயந்திரத் துப்பாக்கியின் ட்ரேசர், கோடிக்கணக்கான சாதாரணக் குண்டுகளைச் சுடப்போகும் ரைபிளின் குழலை முடிவு செய்தது.

இது தவறான முடிவா? ரைபிளை மட்டும் பார்த்தால் மிகை என்றுதான் சொல்ல வேண்டும். பட்டியும் தோட்டாவும் குழலும் கொண்ட முழு அமைப்பாகப் பார்த்தால் வேறு வழியில்லை. குழுவில் மிக நீளமான குண்டு எதுவோ, அதற்குத்தான் குழல். அவரவர் தேவையை வைத்து வேறு விடை சொன்ன நாடுகளும் உண்டு. சுவிட்சர்லாந்து தன் எஸ்ஐஜி 550 ரைபிளுக்குச் சொந்தத் தோட்டா வைத்துக்கொண்டது. குண்டு 4.1 கிராம், ஏறக்குறைய எஸ்எஸ்109 எடைதான், ஆனால் உள்ளே ஈயம். அதற்கு 254 மி.மீ., அதாவது 1:10 போதும் என்று முடிவு செய்தார்கள். அதே ரைபிளை நேட்டோ தோட்டாவுக்கு விற்கும்போது 178 மி.மீ. குழல் போட்டார்கள். பிரான்சின் ஃபமாஸ் முதலில் 1:12. நேட்டோ தோட்டாவைச் சுட வேண்டிய ஜி2 வகையில் 1:9.

அமெரிக்காவின் சிரமம் வேறு. அவர்களிடம் லட்சக்கணக்கில் 1:12 குழல்கள் கிடங்கிலும் கையிலும் இருந்தன. எந்தப் பிரிவுக்கு எந்தத் தோட்டாப் பெட்டி போகிறது என்பதைப் பல ஆண்டு கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கையேட்டில் அந்த எச்சரிக்கை வந்ததன் பின்னணி இதுதான்.

எடையை வைத்துக் கேட்டால் வரும் குழப்பம்

இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879ல் ஒரு எளிய விதி சொன்னார். குண்டின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கு, நீளத்தால் வகு, 150ஆல் பெருக்கு. வருவது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது. வேகமான குண்டுகளுக்கு 150க்குப் பதில் 180. இதில் எடை என்ற சொல்லே இல்லை. பொருளின் அடர்த்திக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு, அவ்வளவுதான்.

நம் மூன்று குண்டுகளையும் இதில் போடலாம். 5.56 குண்டின் விட்டம் 5.69 மி.மீ. 180ஐ வைத்துக் கணக்கிட்டால் 19 மி.மீ. குண்டுக்கு 12.1 அங்குலம், 23 மி.மீ. குண்டுக்கு 10 அங்குலம், 29 மி.மீ. ட்ரேசருக்கு 7.9 அங்குலம். எஃகும் தீமருந்தும் அடர்த்தி குறைந்தவை என்பதால் பின்னிரண்டையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் 9, 7 என்று வந்து நிற்கும். ராணுவமும் நேட்டோவும் ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்ட எண்களை விக்டோரியா காலத்துக் கணிதப் பேராசிரியர் ஒரு துண்டுக் காகிதத்தில் தந்துவிடுகிறார்.

இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமானால் எதிர்முகாமில் இருக்கிறது. சோவியத் ஏகே-74இன் 7என்6 குண்டு சுமார் 53 கிரெயின். எம்193ஐவிட இலகு. எடைப்படி பார்த்தால் அதற்கு 1:12 தாராளமாகப் போதும். ஆனால் ஏகே-74இன் முறுக்கு 200 மி.மீ., ஏறக்குறைய 1:8. காரணம் குண்டின் நீளம் 25 மி.மீ.; உள்ளே எஃகுக் கம்பி, முனையில் காற்று இடைவெளி. இன்னும் பின்னால் போனால் 1850களின் பிரிட்டன். என்ஃபீல்டு ரைபிள் .577 அங்குல விட்டத்தில் 530 கிரெயின் குண்டைச் சுட்டது. முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஜோசப் விட்வொர்த் அதே 530 கிரெயினை .451 அங்குல அறுகோணக் குழலில் ஒல்லியாகவும் நீளமாகவும் வார்த்தார். அவருக்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவைப்பட்டது. எடையில் ஒரு கிரெயின்கூட வித்தியாசமில்லை.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் எடையைச் சொல்கிறார்கள்? தோட்டாப் பெட்டியில் எடைதான் அச்சிட்டிருக்கிறது, நீளம் இல்லை. ஒரே விட்டம், ஒரே மாதிரி ஈயக் குண்டு என்றிருந்த காலத்தில் எடை கூடினால் நீளமும் கூடும், ஆகவே இரண்டும் ஒன்றுதான். அந்த வசதி இப்போது போய்க்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. முழுச் செம்புக் குண்டு வாங்குபவர்கள் அதே எடைக்கு நீண்ட குண்டைக் கையில் வாங்குகிறார்கள். தாத்தா காலத்து 1:12 குழலில் 55 கிரெயின் செம்புக் குண்டைப் போட்டுவிட்டு, அட்டையில் நீளமான ஓட்டைகளைப் பார்த்துக் குழல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவமே 2010ல் கொண்டுவந்த எம்855ஏ1 குண்டும் அதே 62 கிரெயின்தான். ஈயம் இல்லாததால் பழையதைவிட நீளம். 1:7 குழல் கையில் இருந்ததால் அதற்குக் குழலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மிகை முறுக்குக்கு என்ன விலை

1:7 குழலில் பழைய 55 கிரெயின் குண்டின் நிலைப்பெண் 3.9 அருகே போகும். இதை அளவுமீறிய நிலைப்பு என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். ரைபிள் தூரங்களில் இந்தப் பயம் பெரிதும் ஊதிப்பெருக்கியது என்பது என் எண்ணம். உண்மையான விலை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. செம்பு உறை ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால் எடை மையம் அச்சிலிருந்து விலகும். சுழற்சி கூடக்கூட அந்த விலகல் குண்டை ஓரமாகத் தள்ளும், சிதறல் கூடும். நன்றாகச் செய்த போட்டிக் குண்டில் இது தெரியாது. மொத்தமாகத் தயாரித்த மலிவுக் குண்டில் தெரியும். மற்றொன்று, மெல்லிய உறை கொண்ட 40 கிரெயின் வேட்டைக் குண்டை முழு வேகத்தில் 1:7இல் விட்டால், சுழற்சியின் விசை தாங்காமல் வழியிலேயே சிதறிப்போகலாம். சுட்டவருக்கு வெடிச்சத்தம் கேட்கும், இலக்கில் ஓட்டை இருக்காது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைக்கோடு தெரியும்.

தளர்ந்த முறுக்கின் விலை இதைவிட எப்போதும் அதிகம். அதற்கு வணிகத்திலிருந்து ஒரு உதாரணம். 1955ல் இரண்டு 6 மி.மீ. தோட்டாக்கள் ஒரே ஆண்டில் சந்தைக்கு வந்தன. வின்செஸ்டர் .243க்கு 1:10 முறுக்கும் 100 கிரெயின் குண்டும் கொடுத்தது. மானுக்கும் ஆகும் என்றது. ரெமிங்டன் .244க்கு 1:12 முறுக்கும் அதிகபட்சம் 90 கிரெயின் குண்டும். பித்தளை உறையின் கொள்ளளவில் .244 சற்றுப் பெரியது, திறனில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 100 கிரெயின் குண்டை நம்பிச் சுட முடியாத ரைபிள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரெமிங்டன் குழலை 1:9க்கு மாற்றியும் பெயர் போகவில்லை. கடைசியில் 1963ல் தோட்டாவுக்கே 6 எம்எம் ரெமிங்டன் என்று வேறு பெயர் வைத்தார்கள். .243 இன்றும் கடைகளில் குவிந்து கிடக்கிறது. மற்றதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

எம்16 கதையில் மிகை முறுக்கே பின்னால் வரமானது. 1:7 குழலை முடிவு செய்தபோது யார் மனதிலும் 77 கிரெயின் போட்டிக் குண்டு இருக்கவில்லை. ஆனால் 1990களில் ராணுவ, மரைன் சுடும் அணிகள் எம்16 வடிவ ரைபிள்களோடு 600 கெஜப் போட்டிகளுக்குப் போனபோது, சியரா நிறுவனத்தின் 77, 80 கிரெயின் குண்டுகளைத் தாங்கும் முறுக்கு தேவைப்பட்டது, அது இருந்தது. அந்த 77 கிரெயின் குண்டே பிறகு எம்கே 262 என்ற ராணுவத் தோட்டாவாக வந்தது. 1:9 போதும் என்று 1980களில் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னொரு முறை குழல் மாற்ற வேண்டியிருந்திருக்கும். அவர்கள் கணக்கு சரி. கணக்கில் சேர்த்த குண்டுகளின் பட்டியல்தான் சிறியதாகப் போய்விட்டது.

குழல் வாங்கப் போகிறவருக்கு

.223 / 5.56இல் இன்று குழல் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதை ஓரளவு செதுக்கப்பட்டிருக்கிறது. 55 கிரெயின் ஈயக் குண்டுக்கு மேல் எதையும் சுடப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு 1:12 இன்னும் நல்ல குழல்தான், சிறு வேட்டைக் குண்டுகளுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. 1:9இல் 69 கிரெயின் வரை போகலாம். 77, 80 கிரெயினுக்கு 1:8. 90 கிரெயின் குண்டுக்கு அதைச் செய்யும் சியராவே 1:6.5 கேட்கிறது. ஒரே குழலில் பலதையும் சுட நினைப்பவருக்கு என் வாக்கு 1:8க்கு. ட்ரேசர் சுடும் தேவை இல்லாத ஒருவர் 7க்குப் போக வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த எண்ணையும் எடுக்கும் முன் சுடப்போகும் மிக நீண்ட குண்டை வெர்னியரில் அளந்து, சுடப்போகும் மிகக் குளிர்ந்த நாளின் வெப்பநிலையைப் போட்டுக் கணக்கிடுவது நல்லது. உயரமும் ஏமாற்றும். டென்வரில் காற்று கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் லேசு. அங்கே கோடையில் ஒழுங்காகச் சுட்ட விளிம்புநிலைக் குழல், கடலோர ஊரின் குளிர்காலப் போட்டியில் காலை வாரிவிடலாம். நம் ஊர் ரைபிள் கிளப்புகளில் .22 சுடுபவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அந்தத் தோட்டாவின் 40 கிரெயின் கட்டைக் குண்டுக்கு 1:16 என்று எப்போதோ நிலைத்துவிட்டது.

பழைய குழல் கைக்கு வந்து அதில் எண் எதுவும் பொறிக்கப்படவில்லை என்றால் அளந்தே பார்த்துவிடலாம். ரைபிளில் தோட்டா இல்லை என்று அறையைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் தள்ள வேண்டும். துணி மரையைப் பிடித்ததும் கம்பி தானாகச் சுழலத் தொடங்கும். கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு கோடு, குழல் விளிம்பருகே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு, மேல்கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் மேலே வரும்வரை மெதுவாகத் தள்ளி, கம்பி உள்ளே போன தூரத்தை அளந்தால் முறுக்கு அதுதான். துணி வழுக்கினால் எண் பெரிதாகக் காட்டும். மூன்று நான்கு முறை அளந்து, வந்தவற்றில் மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.